கிராண்ட்மாஸ்டர் பட்டம்: பரந்தனிலிருந்து எவ்வளவு தூரம்?

வலய மட்டப் போட்டியில் பிள்ளை முதலிடம் பெற்றுவிட்டால், பரிசளிப்பு மேடையில் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, "இவர் நாளைக்கு ஒரு கிராண்ட்மாஸ்டர்" என்று சொல்லிவிடுவார். பிள்ளை அதை நம்பும். தாய் தகப்பன் சிலர் நம்புவார்கள், சிலர் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இரண்டுமே பிள்ளைக்கு உதவாது. அந்தப் பட்டத்துக்கு என்ன தேவை, என்ன செலவு, பரந்தனில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது எந்தத் தொலைவில் நிற்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கு.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்வரை இலங்கையில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை. கொழும்பின் பெரிய பாடசாலைகளில், நல்ல பயிற்றுநரும் வசதியும் வாய்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது எட்டவில்லை. சர்வதேச மாஸ்டர் வரை வந்தவர்கள் உண்டு. அதற்கு மேல் உள்ள கடைசிப் படியில் எவரும் இன்னும் கால் வைக்கவில்லை. ஆகவே உங்கள் பிள்ளை கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால், இந்த நாட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்ய ஆசைப்படுகிறது என்று அர்த்தம். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பட்டத்தின் விதிகள்

உலக சதுரங்க சம்மேளனம், அதாவது பிடே, 1924 ஜூலையில் பாரிசில் தொடங்கப்பட்டது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அது முறைப்படி வழங்கத் தொடங்கியது 1950இல். அந்த முதல் பட்டியலில் 27 பேர் மட்டுமே. இன்று உலகம் முழுவதும் இரண்டாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையினர் இந்தப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் நாற்பதைச் சற்றுத் தாண்டுவர்.

பட்டத்துக்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, ரேட்டிங் 2500ஐ ஒரு தடவையாவது தொட வேண்டும். அது மாதப் பட்டியலில் வெளிவர வேண்டும் என்பதில்லை. ஒரு சுற்றுப்போட்டியின் நடுவில் தொட்டுவிட்டு இறங்கினாலும் செல்லும். இரண்டாவது, மூன்று நோர்ம் பெற வேண்டும். கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடினார் என்பதற்கு ஒரு சுற்றுப்போட்டி தரும் சான்றுதான் நோர்ம். மூன்றும் சேர்ந்து குறைந்தது 27 ஆட்டங்களைக் கொண்டிருக்க வேண்டும்.

ஒரு நோர்ம் பெற, பெரும்பாலும் ஒன்பது ஆட்டம் கொண்ட போட்டியில், ஆடிய தரம் 2600 ஆக வர வேண்டும். எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்கினராவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய சராசரி ரேட்டிங் 2380க்குக் குறையக் கூடாது. வெளிநாட்டவரோடு ஆடியிருக்கவும் வேண்டும். சொந்த நாட்டவர்களை மட்டும் வென்று நோர்ம் எடுப்பதற்கு விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். எதிராளிகளின் சராசரி 2380 என்றால் ஒன்பதில் ஏழு புள்ளி வேண்டும். உதாரணமாக ஐந்து வெற்றி, நான்கு சமநிலை, ஒரு தோல்வியும் இல்லை. சராசரி 2434 ஆனால் ஆறரை புள்ளி போதும். 2475 ஆனால் ஆறு. எதிராளிகள் பலமாக இருந்தால் தேவைப்படும் புள்ளி குறைகிறது, ஆனால் அந்தப் புள்ளியை எடுப்பது கடினமாகிறது. எந்தப் பக்கத்தால் போனாலும் கடினம் ஒன்றுதான்.

நோர்ம் காலாவதியாவதில்லை. பட்டமும் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. ரேட்டிங் பின்னர் எவ்வளவு இறங்கினாலும் பட்டத்தை யாரும் பறிப்பதில்லை. மோசடி என்று நிரூபிக்கப்பட்டால் மட்டுமே அது போகும்.

கீழே வேறு படிகளும் உள்ளன. 2200 தொட்டால் கண்டிடேட் மாஸ்டர், 2300 தொட்டால் பிடே மாஸ்டர். இரண்டுக்கும் நோர்ம் தேவையில்லை. சர்வதேச மாஸ்டருக்கு 2400 ரேட்டிங்கும், 2450 தரத்தில் மூன்று நோர்மும். பெண்களுக்கென்று தனியான பட்ட வரிசையும் உண்டு, அதன் உச்சியில் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டம். அதற்கு 2300 ரேட்டிங். ஆனால் பெண் பிள்ளைகள் அந்த வரிசையோடு நின்றுவிடத் தேவையில்லை, பொதுவான கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. அதை முதலில் பெற்ற பெண் ஜோர்ஜியாவின் நோனா கப்ரின்தாஷ்விலி, ஆண்டு 1978.

ரேட்டிங் ஏன் நகர மறுக்கிறது

பெற்றோர் பலர் நோர்மைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களைக் கேட்டால் 2500தான் பெரிய மலை என்பார்கள். அது ஏன் என்று விளங்க ரேட்டிங் கணக்கின் ஒரு சிறு பகுதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் உங்களிடம் எதிர்பார்க்கப்படும் புள்ளி ஒன்று உண்டு. சமமான எதிராளி என்றால் அரைப் புள்ளி. உங்களைவிட 100 குறைந்தவர் என்றால் 0.64. 400 குறைந்தவர் என்றால் 0.92. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பெருக்கியால் பெருக்கினால் வருவதுதான் ஏற்றமோ இறக்கமோ. அந்தப் பெருக்கி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, 2300க்குக் கீழ் இருக்கும்வரை, 40. பெரியவர்களுக்குப் பொதுவாக 20. ஒருமுறை 2400ஐத் தொட்டுவிட்டால் 10, பிறகு எப்போதும் 10தான்.

ஆகவே 1500இல் இருக்கும் உங்கள் பிள்ளை இன்னொரு 1500ஐ வென்றால் 20 ஏறுகிறது. அதே வெற்றியை ஒரு 2400 இன்னொரு 2400க்கு எதிராகப் பெற்றால் ஏறுவது 5. 2400இலிருந்து 2500 வரை போக, எதிர்பார்ப்பைவிட மொத்தம் பத்துப் புள்ளி கூடுதலாக எடுக்க வேண்டும். ஒரு சுற்றுப்போட்டிக்கு ஒரு புள்ளி கூடுதல் என்று வைத்தால், இடையில் ஒன்றுகூடப் பிசகாமல் பத்துச் சுற்றுப்போட்டி. மனிதர் எவரும் அப்படித் தொடர்ந்து ஆடுவதில்லை. இரண்டில் ஏறி ஒன்றில் இறங்குவார்கள்.

இலங்கைக்கே உரிய பொறி ஒன்றும் இதில் இருக்கிறது. நம் நாட்டில் 2400 ரேட்டிங் உள்ள ஒருவர் உள்ளூர்ப் போட்டிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 1900 உள்ளவர்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் அவருக்கு ஏறுவது 0.8. ஒரு சமநிலைக்கு இறங்குவது 4.2. ஐந்து நாள் வென்று சேர்த்ததை ஒரு சமநிலை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த 1900காரர், திறமையை ரேட்டிங் இன்னும் எட்டிப்பிடிக்காத, வேகமாக வளரும் 14 வயதுப் பிள்ளையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தேசியச் சம்பியன்களே வீட்டுக்குள் ஆடி ஆடி ரேட்டிங்கை இழக்கும் நிலை இதனால்தான் வருகிறது. திறமைக் குறைவு என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கிராண்ட்மாஸ்டர்கள் இல்லாத நாட்டில் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆடக் கிடைக்காது, ஆடக் கிடைக்காத நாட்டில் கிராண்ட்மாஸ்டர் உருவாக மாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரே வழி, சரியான வயதில் சரியான போட்டிக்கு வெளியே போவது.

தமிழ்நாடு எப்படிச் செய்தது

நீரிணைக்கு அப்பால் இருப்பவர்கள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்ப்பது நமக்கு மிகவும் பயன்படும். இன்றைய சென்னையைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாம். நேற்றைய சென்னையைப் பாருங்கள்.

மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர், ஒன்பது தடவை தேசியச் சம்பியன். அடுத்த சர்வதேச மாஸ்டர் வர எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? 17 ஆண்டு. 1978இல் வந்த வி. ரவிக்குமாரும் தமிழ்நாட்டவரே. முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்துக்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆரோனிலிருந்து எண்ணினால் 27 ஆண்டு. அதன் பிறகும் வெள்ளம் உடனே பாயவில்லை. தமிழ்நாட்டின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டரான கிருஷ்ணன் சசிகிரண் 2000இல்தான் வந்தார்.

அந்த இடைவெளிகளில் நடந்தவைதான் முக்கியம். 1972இல் சென்னையின் சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டது. சோவியத் புத்தகங்களும் சஞ்சிகைகளும் அங்கே கிடைத்தன. வெளியில் கிடைக்காத பலமான எதிராளிகளும் அங்கேயே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். தாய் சுசீலாவிடம் ஆட்டம் பழகிய சிறுவன் ஆனந்த் அங்குதான் போய் ஆடினான். அடுத்தது, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வரவழைத்து ஊரிலேயே சுற்றுப்போட்டி நடத்தினார்கள். ஆனந்த் தன் கடைசி நோர்மை எடுத்தது ஐரோப்பாவில் அல்ல, கோயம்புத்தூரில். 1987 டிசெம்பரில் அங்கு நடந்த சக்தி பினான்ஸ் சர்வதேசச் சுற்றுப்போட்டி அது. ஓர் உள்ளூர் நிறுவனம் செலவு செய்தது, அதனால் ஓர் உள்ளூர்ப் பிள்ளைக்கு விமானமே ஏறாமல் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆடக் கிடைத்தது. வடக்கில் பணம் படைத்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால் அந்த ஒரு சம்பவத்தை மட்டும் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

பின்னர் கிராண்ட்மாஸ்டர்களே ஆசிரியர்களாக மாறினார்கள். ஆர்.பி. ரமேஷ் தன் ஆட்ட வாழ்வைச் சுருக்கிக்கொண்டு 2008இல் செஸ் குருகுலம் தொடங்கினார். பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும் அவரிடம் வளர்ந்தவர்கள். வேலம்மாள் போன்ற பாடசாலைகள் வகுப்புக்கு வராத நாட்களைப் பொறுத்துக்கொண்டன. இன்று இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்கள் 80ஐத் தாண்டிவிட்டார்கள், அவர்களில் 30க்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

நமக்கும் அவர்களுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சொல்லாமல் விட முடியாது. சசிகிரண் பட்டம் பெற்ற அதே 2000இல் ஆனையிறவில் போர் நடந்துகொண்டிருந்தது. பரந்தன் சந்திக்கு அது எவ்வளவு கிட்ட என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரமேஷ் குருகுலம் தொடங்கிய 2008இல் இங்கிருந்த குடும்பங்கள் வீட்டு நிலைகளையும் கதவுகளையும் கழற்றிக்கொண்டு இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்ததே 2013 செப்டெம்பரில். அங்கே அத்திவாரம் போடப்பட்ட காலம் முழுவதும் இங்கே ஒரு கூரை நிலைக்கவில்லை. வன்னிப் பிள்ளைகள் பிந்தித் தொடங்குகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அவர்களல்ல.

இன்னொரு பாடம் வங்காளதேசத்திலிருந்து. தெற்காசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த் அல்ல, வங்காளதேசத்தின் நியாஸ் முர்ஷேத்; அவர் பட்டம் பெற்றது 1987இல். அந்த நாடு ஐந்து கிராண்ட்மாஸ்டர்களை உருவாக்கியது. ஐந்தாமவரான எனாமுல் ஹொசைன் 2008இல் வந்தார், அதன் பிறகு எவரும் வரவில்லை. அவர்களில் இரண்டாமவரான ஸியாவுர் ரஹ்மான் 2024 ஜூலை 5ஆம் திகதி தேசியச் சம்பியன் போட்டியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து காலமானார். ஐம்பது வயதிலும் அந்த நாட்டின் முன் வரிசையில் அவர்தான் ஆடிக்கொண்டிருந்தார். முதல் கிராண்ட்மாஸ்டர் வந்துவிட்டால் மிச்சம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் டாக்காவையும் சென்னையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு

பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கும் தகப்பனைக் குறை சொல்ல முடியாது. கிராண்ட்மாஸ்டர்களுக்குப் பெரும்பாலான ஓபன் சுற்றுப்போட்டிகளில் நுழைவுக் கட்டணம் இல்லை. பலருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் ஏற்பாட்டாளர்களே கொடுக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் வந்து அமர்ந்தால்தான் மற்றவர்களுக்கு நோர்ம் கிடைக்கும். பயிற்றுநராக இருந்து வாழ்க்கை நடத்தலாம். இந்தியாவில் அரச வேலையும் பரிசும் உண்டு. ஆனால் பரிசுப் பணத்தை மட்டும் நம்பி வாழ்பவர்கள் உலகின் முதல் சில பத்துப் பேர்தான். வருமானத்துக்காகப் பிள்ளையை இந்த வழியில் அனுப்புவதானால், மருத்துவமோ பொறியியலோ பாதுகாப்பான வழி.

பட்டத்தின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இதைப் பணம் கொடுத்து வாங்க முடியாது, செல்வாக்கால் எடுக்க முடியாது, நடுவரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. ஒருவரின் 27 ஆட்டங்களும் பதிவில் கிடக்கின்றன. யாரும் எடுத்து ஆடிப் பார்க்கலாம். பரந்தன் பிள்ளைக்கும் பாரிஸ் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல். சலுகைப் புள்ளிக்கும் வெட்டுப்புள்ளிக்கும் பழகிப்போன நமக்கு, எந்த மாவட்டத்துப் பிள்ளை என்று கேட்காத ஒரு சோதனை உலகில் இருக்கிறது என்பதே பெரிய விடயமாகத் தோன்றுகிறது.

வயதைப் பற்றிப் பயம் வேண்டாம். பிரக்ஞானந்தா 12 வயது 10 மாதத்தில் பட்டம் பெற்றார். குகேஷ் 2019 ஜனவரியில் 12 வயது 7 மாதம் 17 நாளில் பெற்றார். ஆறு ஆண்டுகளுக்குள், 2024 டிசெம்பரில், சிங்கப்பூரில் உலகச் சம்பியனும் ஆனார். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு 13 வயதுப் பிள்ளைக்குக் காலம் கடந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவின் மூன்றாவது கிராண்ட்மாஸ்டர் பிரவீன் திப்சே பட்டம் பெற்றபோது முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார். வைஷாலி 22 வயதில், 2023 டிசெம்பரில், 2500ஐத் தொட்டார். தென்னாபிரிக்காவின் முதல் கிராண்ட்மாஸ்டர் கென்னி சொலமன், கேப்டவுனின் வறிய புறநகர் ஒன்றில் வளர்ந்தவர், 2014 இறுதியில் ஆபிரிக்கச் சம்பியனானபோது 35 வயது.

சொலமன் வழியை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சில கண்ட மட்ட, உலக மட்டப் போட்டிகளில் முதலிடம் பெறுவோருக்கு நோர்ம் சேர்க்காமலேயே நேரடியாகப் பட்டம் கொடுக்கும் விதி இருக்கிறது. அவர் 2500ஐத் தொடாமலேயே அந்த வழியால் பட்டம் பெற்றார். 2025 ஜூலையில் நாக்பூரைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக், ஒரு கிராண்ட்மாஸ்டர் நோர்ம்கூட இல்லாமல், பெண்கள் உலகக் கிண்ணத்தை வென்று கிராண்ட்மாஸ்டர் ஆனார். இதைக் குறுக்கு வழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு கண்டத்தையே வெல்வது குறுக்கு வழியென்றால் அதில் நடந்து பார்க்கட்டும். ஆசிய மண்டலப் போட்டிகளிலும் கீழ்ப் பட்டங்களுக்கு இப்படி நேரடி வழி உண்டு. இலங்கைப் பிள்ளைகளுக்கு அது உண்மையான வாய்ப்பு.

பரந்தனில் செய்ய வேண்டியவை

பாடசாலைப் போட்டிகள் பெரும்பாலும் குறுகிய நேர ஆட்டங்கள். பட்டமும் நோர்மும் நீண்ட நேர ஆட்டங்களில் மட்டுமே கிடைக்கும். நாலு மணி நேரம் ஒரே கதிரையில் இருந்து யோசிக்கப் பழக வேண்டும். கிழமைக்கு ஓர் ஆட்டமாவது மணிக்கூடு வைத்து, நகர்வுகளை எழுதி, ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆடட்டும். அதற்கு நாலு பிள்ளைகளும் ஒரு சனசமூக நிலையத்தின் மூலையும் போதும். ஆட்டம் முடிந்ததும் தோற்றவரும் வென்றவரும் சேர்ந்து இருந்து, எங்கே பிழைத்தது என்று தாங்களே தேடட்டும்.

கணினியிடம் உடனே கேட்க விடாதீர்கள். குகேஷின் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும்வரை ஆட்டங்களை இயந்திரம் கொண்டு ஆராய விடவில்லை. கையில் ஃபோன் வைத்திருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் விடை கிடைக்கிறது, விடையைத் தேடும் பலம் கிடைப்பதில்லை. ஃபோன் வேறு விதத்தில் உதவும். லிச்செஸ் தளம் முற்றிலும் இலவசம், புதிர்களும் பாடங்களும் நிறைய. மார்க் க்ரௌதர் 1994 முதல் ஒவ்வொரு கிழமையும் உலகப் போட்டிகளின் ஆட்டங்களைத் தொகுத்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்து வருகிறார். அன்று தால் கழகத்துக்குப் போனால் மட்டும் கிடைத்தவை இன்று பரந்தன் குமரபுரத்தில் திண்ணையில் இருந்தபடியே கிடைக்கின்றன. நேரே எதிரில் அமரும் பலமான ஆள் மட்டும்தான் கிடைக்கவில்லை.

பிடே எண்ணை இலங்கை சதுரங்க சம்மேளனத்தின் ஊடாக எடுங்கள். ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டம் ஆடி, தேவையான புள்ளியும் எடுத்தால் முதல் ரேட்டிங் வரும். 2024 மார்ச்சிலிருந்து மிகக் குறைந்த ரேட்டிங் 1400. அதற்குக் கீழ் பட்டியல் இல்லை. பெருக்கி 40 ஆக இருக்கும் வயதில் எவ்வளவு ரேட்டிங் ஆட்டம் ஆட முடியுமோ அவ்வளவு ஆட வேண்டும். ரேட்டிங் இறங்கிவிடும் என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரைக் காண்கிறேன். அந்த வயதில் இறங்கினால் ஏறவும் அதே வேகம் உண்டு. 18 கடந்தபின் அந்த வாய்ப்பு இல்லை.

எங்கே போய் ஆடுவது? ரேட்டிங் போட்டிகளில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதைச் சுற்றியும் நடக்கின்றன. ஏ9 வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஓர் இரவுப் பயணம். பிள்ளை 1800ஐக் கடக்கும்வரை இதைத் தவிர்க்க முடியாது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ ரேட்டிங் போட்டி நடந்தால் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

1800க்குப் பிறகு வரைபடத்தை மறுபடி விரித்துப் பாருங்கள். பரந்தனிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் தொடங்கிய கப்பலும் இருக்கிறது. மாரியில் கடல் கொந்தளித்தால் நிற்கும், ஆகவே திகதியை உறுதிப்படுத்திவிட்டே புறப்பட வேண்டும். கொழும்புப் பிள்ளையைவிட உலகின் மிகப் பலமான சதுரங்க நகரங்களில் ஒன்றுக்குக் கிட்ட இருப்பது பரந்தன் பிள்ளைதான். மொழிச் சிக்கலும் இல்லை, சாப்பாட்டுச் சிக்கலும் இல்லை. தமிழ்நாட்டில் நடக்கும் சர்வதேச ஓபன் போட்டி ஒன்றில் ஒன்பது நாள் ஆடினால், இங்கே ஒரு வருடத்தில் காணாத அளவு பலமான எதிராளிகளைப் பிள்ளை காணும். ரேட்டிங் குறைந்த, ஆனால் பயங்கரமாக ஆடும் பத்து வயதுச் சென்னைப் பிள்ளைகளிடம் தோற்று வரும் என்பதையும் இப்போதே மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் ரேட்டிங்கைப் பார்க்காதீர்கள். கொண்டுவந்த ஆட்டத் தாள்களைப் பாருங்கள்.

காசைப் பற்றி: ஒரு பிள்ளை போனால் ஒரு பெரியவரும் போக வேண்டும், செலவு இரட்டிப்பு. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கலாம். பிரக்ஞானந்தாவின் தாய் நாகலட்சுமி அடுப்பும் அரிசியும் கட்டிக்கொண்டே உலகம் சுற்றினார். வயலை நம்பிய குடும்பங்களில் காலபோக அறுவடைக் காசு மாசி, பங்குனியில் கைக்கு வரும். சித்திரை விடுமுறையில் ஒரு வெளிநாட்டுப் போட்டியை வைத்துக்கொள்வது நமக்குப் பொருந்தும். இரணைமடுத் தண்ணீர் சிறுபோகத்துக்குக் கிடைக்காத வருடத்தில் ஓகஸ்ட் பயணத்தை விட்டுவிடுங்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம். கடனோடு போகும் பிள்ளை ஒவ்வொரு நகர்விலும் அந்தக் கடனைச் சுமந்துகொண்டு ஆடும். ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினரிடம் மாதாமாதம் பணம் கேட்பதைவிட, பிள்ளை 2200ஐத் தாண்டிய பிறகு ஒரு கோடை முழுவதும் தங்க இடம் கேட்பது மேல். அங்கே ஓபன் போட்டிகள் அடுத்தடுத்து நடக்கின்றன. தங்குமிடச் செலவு இல்லையென்றால் கணக்கு வேறாகிவிடும். விசா எடுப்பது கடினம், ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

நோர்ம் எடுத்துத் தருகிறோம் என்று ஆட்களைச் சேர்க்கும் மூடிய சுற்றுப்போட்டிகள் சிலவும் உலகில் நடக்கின்றன. நேர்மையானவை பல. முடிவுகள் முன்கூட்டியே பேசப்படுவதாகப் புகார் எழுந்தவையும் உண்டு. பணம் கட்டுமுன் அங்கு ஆடியவர்களிடம் விசாரியுங்கள். புள்ளி பேசித் தருவதாக யாராவது சொன்னால் அன்றே திரும்பி வாருங்கள்.

படிப்பை நிறுத்தலாமா? குகேஷ் நாலாம் வகுப்புக்குப் பிறகு ஒழுங்காகப் பாடசாலைக்குப் போகவில்லை, தகப்பன் மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டு அவரோடு போனார். தாயின் வருமானமும் நண்பர்களின் உதவியும் அந்தக் குடும்பத்தைத் தாங்கின. இங்கே அப்படிச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. தாங்கிப் பிடிக்க அவர்களுக்கு ஒரு நகரம் இருந்தது, நமக்கு இல்லை. ஆனந்த் லொயோலா கல்லூரியில் வணிகம் படித்து முடித்தவர் என்பதையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல்லுங்கள். சாதாரண தரம் எழுதும் வருடத்தில் போட்டிகளைக் குறையுங்கள். தினமும் ஒரு மணி நேரப் புதிர்ப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள். உயர்தரத்துக்கு முன் பிள்ளை 2200ஐ எட்டியிருந்தால், அப்போது அதிபரோடும் பயிற்றுநரோடும் இருந்து பேசி முடிவெடுக்கலாம். எட்டாவிட்டால் பரீட்சை முதலில்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பதினான்கு, பதினைந்து வயதில் அவர்களைப் போட்டிக்கு அனுப்புவதை நிறுத்திவிடுகிறோம். இரவுப் பயணம், தங்குமிடம், ஊர் என்ன சொல்லும் என்ற பயம். வைஷாலியும் திவ்யாவும் பெரிய பட்டத்தைப் பெற்றது அந்த வயதைத் தாண்டியே. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு தாயை முறை வைத்து அனுப்பினால் இந்தத் தடை பாதியாகக் குறையும்.

கடைசியாக ஒரு காகித வேலை, இதில் கவலையீனமாக இருந்து நோர்மையே இழந்தவர்கள் உண்டு. நோர்ம் எடுத்த அன்றே, சுற்றுப்போட்டி மண்டபத்தை விட்டு வெளியேறுமுன், நோர்ம் சான்றிதழைத் தலைமை நடுவரிடம் கையெழுத்துடன் வாங்குங்கள். எதிராளிகள் ஒவ்வொருவரின் பெயர், நாடு, பட்டம், ரேட்டிங் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே ஒப்பிடுங்கள். படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பட்டத்துக்கு விண்ணப்பிப்பது ஆட்டக்காரர் அல்ல, நாட்டின் சம்மேளனம். மூன்று சான்றிதழும் 2500 தொட்டதற்கான ஆதாரமும் அங்கே போக வேண்டும், அவர்கள் அதைப் பிடேக்கு அனுப்ப வேண்டும். பிடேயின் கூட்டம் ஏற்றுக்கொள்ளும்வரை மாதங்கள் செல்லலாம். வைஷாலி 2023 டிசெம்பரில் 2500ஐத் தொட்டார், பட்டம் உறுதியானது 2024 ஏப்ரலில். அந்த மாதங்களில் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் பிள்ளை அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கட்டும்.